இரங்கலும் மரியாதையும்: பஞ்சாபி மாணவருக்கான ஆங்கிலம்

பஞ்சாபியைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்காக இந்த அதிகாரம். உங்கள் வகுப்பு ஜலந்தரில் ஒரு ஐஇஎல்டிஎஸ் பயிற்சி மையத்தில் நடக்கலாம். பிராம்ப்டனிலோ சவுத்தாலிலோ ஒரு நூலகத்து மாடியில் நடக்கலாம். கடைக்குப் போக, டாக்டரைப் பார்க்க, வேலைக்கு மனுப்போட என்று எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்தில் பாடம் இருக்கிறது. சாவுக்கு இல்லை. ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லி மேலாளரிடம் லீவு கேட்க வேண்டும். கூட வேலை செய்கிறவரின் மனைவி இறந்திருக்கிறார், அட்டையில் இரண்டு வரி எழுத வேண்டும். நவம்பரில் பேரனின் பள்ளிக்கூடத்தில் தாத்தாவின் பட்டாளத்துக் கதையைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். மற்ற இடத்தில் பிழையாகப் பேசினால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். இங்கே ஒரு சொல் பிசகினால் துக்கத்தில் இருப்பவரின் மனம் நோகும். சொன்னவரும் பல நாள் அதை நினைத்துக் கூசுவார்.

இதற்குச் சொற்பட்டியல் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ‘ட்ரிப்யூட்’, ‘ஹோமேஜ்’, ‘கண்டோலன்ஸ்’, ‘ரெஸ்பெக்ட்ஸ்’ என்று பலகையில் எழுதிப் பஞ்சாபியில் பொருள் கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் ‘ஷர்தாஞ்சலி’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, மாணவர் என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். நேரில் போய் நிற்கப் போகிறார் என்றால் ‘பே மை ரெஸ்பெக்ட்ஸ்’. வீட்டாருக்கு எழுதவோ சொல்லவோ போகிறார் என்றால் ‘கண்டோலன்ஸஸ்’. மேடையேறி இறந்தவரைப் பற்றிப் பேசப் போகிறார் என்றால் ‘பே ட்ரிப்யூட்’. ‘ஹோமேஜ்’ செய்தித்தாளோடு போகட்டும், அன்றாடத்துக்கு வேண்டாம். ‘ரெஸ்பெக்ட்ஸ்’, ‘கண்டோலன்ஸஸ்’ இரண்டும் இந்த வழக்கில் பன்மையில்தான் வரும் என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். பஞ்சாபியில் ஷர்தாஞ்சலியைக் ‘கொடுப்பார்கள்’. அதனால் மாணவர் ‘கிவ் ட்ரிப்யூட்’ என்பார். ‘பே’ நாக்கில் உட்காரும்வரை சொல்லவையுங்கள்.

சாவைச் சொல்வது

ஒருவர் இறந்ததைச் சொல்லப் பஞ்சாபியில் படிப்படியாகச் சொற்கள் உண்டு. வீட்டுப் பெரியவர் ‘பூரே ஹோ கயே’, அதாவது நிறைவடைந்துவிட்டார். கொஞ்சம் சம்பிரதாயமாகச் சொன்னால் ‘அகால் சலாணா கர் கயே’. சாதுக்களுக்கும் மதிப்புக்குரியவர்களுக்கும் ‘சடாயீ கர் கயே’. பொதுவாகச் சொல்ல ‘குஸர் கயே’. இது தமிழாசிரியருக்குப் புரிந்த கதைதான். காலமானார், இயற்கை எய்தினார், சிவலோகப் பதவி அடைந்தார் என்று நம்மிடமும் ஆளுக்கும் நம்பிக்கைக்கும் ஏற்பச் சொல் மாறுகிறது. ஆங்கிலத்தில் அன்றாடத்துக்கு இரண்டே போதும்: ‘டைட்’, ‘பாஸ்ட் அவே’. அலுவலகம், மருத்துவமனை, சான்றிதழ் என்றால் முதலாவது. மனிதரிடம் பேசும்போது இரண்டாவது. ‘டைட்’ என்று தன் தாயைப் பற்றிச் சொல்ல மாணவருக்கு வாய் வராது. மரியாதைக் குறைவாகப் படும். அது ஆங்கிலத்தில் அவமதிப்பு இல்லை என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, வற்புறுத்தாமல் ‘பாஸ்ட் அவே’யையே பழக்குங்கள்.

‘பூரே ஹோ கயே’வை நேராக மொழிபெயர்த்து ‘மை ஃபாதர் இஸ் கம்ப்ளீட்’ என்று சொன்ன மாணவரைப் பார்த்து யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அவர் சொன்னதில் ஒரு வாழ்க்கைப் பார்வையே இருக்கிறது. அதை வகுப்பில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

இந்திய ஆங்கிலத்தில் ஊறிய இரண்டு சொற்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று ‘எக்ஸ்பயர்ட்’. இந்தியாவில் மருத்துவமனை முதல் வங்கி வரை வழங்குகிற சொல். இங்கிலாந்திலும் கனடாவிலும் அது பால் பாக்கெட்டுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் சொல்வது. மற்றது ‘லேட்’. ‘மை லேட் ஃபாதர்’ சரி. ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்றால் அப்பா பஸ்ஸைத் தவறவிட்டார் என்று எதிராளி நினைப்பார். பெயருக்கு முன்னால் மட்டுமே அந்தச் சொல் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

மரியாதைப் பன்மை இன்னொரு சிக்கல். பஞ்சாபியில் பெரியவரைப் பன்மையில்தான் சொல்வார்கள், பெயரோடு ‘ஜீ’ சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்று தன் தந்தையைச் சொல்லும்போது நாம் ‘அவன்’ என்று சொன்னால் எப்படிக் கூசுமோ அதே கூச்சம் அவருக்கும். எனவே ‘தே வேர் ஃபார்மர்’ என்று வந்துவிடும். மரியாதையைக் காட்ட ஆங்கிலத்தில் வேறு இடம் காட்டுங்கள். ‘மை ஃபாதர், சர்தார் இன்னார் சிங்’ என்று முதலில் முழுப்பெயரோடு சொல்லட்டும். பிறகு ‘ஹீ’ வந்தால் உறுத்தாது. இங்கே தமிழாசிரியர் தடுக்கி விழக்கூடிய ஒன்று: பஞ்சாபிப் பெயர்களுக்கு முன்னால் ‘எஸ்.’ என்று இருந்தால் அது தகப்பன் பெயரின் முதலெழுத்து இல்லை, சர்தார் என்பதன் சுருக்கம். இரங்கல் விளம்பரத்தில் ‘லேட் எஸ்.’ என்று பார்த்துவிட்டு இனிஷியல் என்று எண்ணிச் சான்றிதழ் படிவத்தில் நிரப்பிவிடாதீர்கள். பின்னால் திருத்தி வாங்குவது பெரும்பாடு.

குருமார்களுக்கு இந்தச் சொற்கள் எதுவும் ஆகாது. 1539இல் கர்தார்பூரில் குரு நானக் ‘ஜோதீ ஜோத் சமாயே’. நந்தனாரும் வள்ளலாரும் ஜோதியில் கலந்தார்கள் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாணவர் பள்ளிக் கட்டுரைக்கோ குருத்வாரா அறிவிப்புக்கோ எழுதினால் ‘மெர்ஜ்ட் வித் த எடர்னல் லைட்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘டைட்’ என்று நீங்கள் சிவப்பு மையால் திருத்தக் கூடாது.

ஒரே யாத், பல ஆங்கிலம்

பஞ்சாபியில் ‘யாத்’ ரொம்ப வேலை செய்கிற சொல். ‘யாத் கர்னா’ என்றால் நினைப்பது, பாடத்தை மனப்பாடம் செய்வது இரண்டும். பெரியவர் ஒருவர் ‘யாத் கீத்தா’ என்றால் கூப்பிட்டனுப்பினார் என்று பொருள். ‘யாத் ஆவுந்தீ ஹை’ என்றால் நினைப்பு வாட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மாணவர் ‘ரிமெம்பர்’ என்றே சொல்வார். ‘ஐ ரிமெம்பர் மை மதர் வெரி மச்’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அவர் மனத்தில் இருப்பது அதில் இல்லை. ‘ஐ மிஸ் ஹெர்’ என்ற சின்ன வாக்கியத்தை அவருக்குக் கொடுங்கள். அதைக் கற்ற அன்று வகுப்பே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் சொல்ல வராதது அன்று வந்துவிட்டது.

அடுத்து ‘யாத்காரீ’. இறந்தவர் பெயரால் கிராமத்தில் நடக்கும் கபடிப் போட்டி யாத்காரீ. மறக்க முடியாத மாலைப்பொழுதும் யாத்காரீ. எனவே ‘மெமோரியல்’ வர வேண்டிய இடத்தில் ‘மெமோரபிள்’ வந்து நிற்கும். தாத்தா பெயரில் மூன்று கிராமத்துக்குக் கபடிக் கோப்பை நடத்தும் குடும்பத்தார் துண்டறிக்கையில் ‘மெமோரபிள் கப்’ என்று அச்சடித்துவிடக் கூடாது. பெயரோடு சேர்ந்து வருவது ‘மெமோரியல்’, மனத்தில் தங்குவது ‘மெமோரபிள்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். குருத்வாராவின் பளிங்குப் பலகைகளில் நன்கொடையாளர் எழுதிவைப்பதற்கு ‘இன் மெமரி ஆஃப்’ போதும்.

அஃப்சோஸ், ரிக்ரெட், அபாலஜி

துக்கம் விசாரிக்கப் போவதைப் பஞ்சாபியில் ‘அஃப்சோஸ் கர்ன ஜாணா’ என்பார்கள். உறவினர் கூட்டமாகப் புறப்பட்டுப் போவது ‘மகாண்’. இறந்த வீட்டில் தரையில் விரித்த விரிப்பில், ‘சத்தர்’ என்பது அதன் பெயர், வந்தவர்கள் உட்கார்ந்து சிறிது நேரம் பேசிவிட்டுப் போவார்கள். பேச்சில் அடிக்கடி வருவது ‘பாணா மன்னணா’: இறைவனின் சித்தத்தை ஏற்பது. அஃப்சோஸ், பாணா இரண்டையும் மாணவர் ஆங்கிலத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனால் தடுமாறுவார்.

‘பாணா’வை முதலில் பார்ப்போம். பஞ்சாபி வீட்டில் ‘வாஹேகுருவின் சித்தம்’ என்று சொல்வது ஆறுதல். மகனை விபத்தில் பறிகொடுத்த ஆங்கிலேயத் தாயிடம் ‘இட் இஸ் காட்ஸ் வில்’ என்றால் அது அவருக்கு அடியாக விழலாம். அந்த வாக்கியத்தைச் சொந்தங்களுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியாருக்கு ‘ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்’. ‘ஸாரி’ என்பது மன்னிப்பு என்றே படித்தவர்கள், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்பார்கள். இந்த ‘ஸாரி’ வருத்தம் மட்டுமே என்பதைச் சொல்லி, அதற்குப் பின் வேறு எதுவும் சேர்க்காமல் நிறுத்தப் பழக்குங்கள்.

‘அஃப்சோஸ்’ என்பதற்கு அகராதி ‘ரிக்ரெட்’ என்று கொடுக்கும். மாணவர் ‘வீ ரிக்ரெட் யுவர் ஃபாதர்ஸ் டெத்’ என்று எழுதுவார். விமானம் ரத்தானால் நிறுவனம் எழுதுகிற தொனி அது. இந்த இடத்தில் ஒரு வகுப்பையே ஒதுக்கலாம், ஏனென்றால் ‘ரிக்ரெட்’, ‘அபாலஜி’ என்ற இரண்டு சொற்களின் வேறுபாடு பஞ்சாபியரின் சொந்த வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

1919 ஏப்ரல் 13, வைசாகி நாளில் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டயரின் படை சுட்டதில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 379 பேர். இந்தியத் தரப்பு அதைவிடப் பல மடங்கு என்றே சொல்லிவந்தது. 1997இல் எலிசபெத் ராணி அங்கே வந்து மலர்வளையம் வைத்தார். நூற்றாண்டுக்குச் சில நாள் முன்னால், 2019 ஏப்ரல் 10 அன்று, பிரதமர் தெரசா மே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அவர் எடுத்த சொல் ‘ரிக்ரெட்’. ‘அபாலஜி’ என்ற சொல் வரவில்லை. அதைத்தான் எதிர்க்கட்சித் தலைவர் அந்த அவையிலேயே கேட்டார்.

பக்கத்தில் கோமகாட்டா மாரு கப்பலை வையுங்கள். 1914இல் 376 பயணிகளோடு, பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள், வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கப்பலைக் கனடா இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியது. கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜில் இறங்கியபோது போலீஸ் சுட்டதில் பயணிகள் பலர் இறந்தார்கள். 2008இல் கனடாப் பிரதமர் ஹார்ப்பர் சர்ரேயில் ஒரு பூங்காவில் நடந்த விழாவில் மன்னிப்புக் கேட்டார். கூடியிருந்தவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. சொல் சரிதான், சொன்ன இடம் சரியில்லை, நாடாளுமன்றத்தில் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். 2016 மே 18 அன்று அப்போதைய பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டார்.

இந்த மூன்று நிகழ்ச்சிகளையும் பலகையில் எழுதி, எங்கே எந்தச் சொல், யார் சொன்னார், எந்த இடத்தில் என்று வகுப்பைப் பேசவிடுங்கள். ‘ரிக்ரெட்’ நடந்ததற்கு வருந்துவது, ‘அபாலஜைஸ்’ நான் செய்தேன் என்று பொறுப்பேற்பது என்ற வேறுபாட்டை எந்த இலக்கண நூலும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிடாது. மாணவர்கள் சூடாகவே பேசுவார்கள். பேசட்டும். அன்று அவர்கள் பேசும் ஆங்கிலம் மற்ற நாளைவிட நன்றாக இருக்கும்.

ஃபுல், சஸ்கார், போக்

இறுதிச்சடங்குச் சொற்களில் ஆபத்தானது ‘ஃபுல்’. பூ என்று பொருள். எரியூட்டிய பின் எலும்புகளை எடுப்பதைப் பஞ்சாபியில் ‘ஃபுல் சுகணா’, பூப்பொறுக்குவது என்பார்கள். பலர் அவற்றைச் சட்லெஜ் கரையில் கீரத்பூர் சாஹிபுக்குக் கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். மின்மயானத்தில் மாணவர் போய் ‘வீ கேம் டு கலெக்ட் ஃப்ளவர்ஸ்’ என்றால் அலுவலர் மலர்வளையம் அடுக்கிய மூலையைக் காட்டுவார். ‘ஆஷஸ்’ என்ற சொல்லை, பன்மையில், கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். பொறுக்குவதற்கு ‘கலெக்ட்’, கரைப்பதற்கு ‘இம்மர்ஸ்’ அல்லது ‘ஸ்காட்டர்’. எரியூட்டுவதான சஸ்காருக்கு ‘க்ரிமேஷன்’. உடலை வைக்கும் பெட்டி இங்கிலாந்தில் ‘காஃபின்’, கனடாவில் பெரும்பாலும் ‘காஸ்கெட்’. படிவத்தில் எதைப் பார்த்தாலும் மாணவர் திகைக்காமல் இருந்தால் போதும்.

‘போக்’ என்பதை மொழிபெயர்க்கவே வேண்டாம் என்பது என் முடிவு. 1430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த சாஹிபை முழுவதும் வாசித்து முடிப்பது போக். இடைவிடாமல் வாசித்தால் அகண்ட பாட், சுமார் 48 மணி நேரம். நிதானமாகப் பல நாள் வாசித்தால் சஹஜ் பாட். இறந்தவருக்காக வாசித்து முடிக்கும் அன்று அந்திம அர்தாஸ் என்ற கூட்டுப் பிரார்த்தனை நடக்கும், பிறகு லங்கர் என்ற பொதுப்பந்தி. இதை ‘ஃப்யூனரல்’ என்று மொழிபெயர்த்தால் மேலாளர், ‘அதுதான் போன வாரமே முடிந்ததே, இன்னொரு லீவு எதற்கு’ என்பார். எனவே மாணவர் இப்படி எழுதட்டும்: ‘த போக், அவர் ஃபைனல் ப்ரேயர்ஸ் ஃபார் மை ஃபாதர், இஸ் ஆன் சண்டே’. சொல்லை வைத்து, உடனே நாலு சொல்லில் விளக்கம். இந்த ஒரு உத்தி அர்தாஸுக்கும் லங்கருக்கும் பர்சீக்கும் அப்படியே செல்லும். பர்சீ என்பது வருடத் திதி. ‘பர்சீ, த ஃபர்ஸ்ட் டெத் ஆனிவர்சரி’ என்று எழுதலாம்.

உச்சரிப்பில் ஒன்று. பஞ்சாபியில் ‘போக்’கின் முதலில் வரும் மூச்சொலி வர்க்க எழுத்து, ‘ப’வைத் தாழ்ந்த சுருதியில் சொல்வதுபோல ஒலிக்கும். காதில் ஏறக்குறையப் ‘போக்’ என்றே விழும். தமிழில் எழுதுகிறபடியே நீங்கள் சொன்னால் அவர்கள் காதுக்குப் பழக்கமாகத்தான் இருக்கும்.

பஞ்சாபின் ஆங்கில நாளிதழ்களில் வரும் இரங்கல் விளம்பரங்களைக் கத்தரித்து வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். இதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. ஒரு மாதிரியை எடுத்து வைத்துக்கொள்வோம். மேலே தலைப்பாகையோடு பெரியவரின் படம். ‘வித் ப்ரொஃபவுண்ட் க்ரீஃப் வீ இன்ஃபார்ம்’ என்று தொடங்கும். ‘லெஃப்ட் ஃபார் ஹிஸ் ஹெவன்லி அபோட்’ என்று தொடரும். போக், அந்திம அர்தாஸ் நடக்கும் குருத்வாராவும் நேரமும், பெரும்பாலும் பகல் 12 முதல் 1 மணி வரை. கீழே ‘க்ரீஃப் ஸ்ட்ரிக்கன்’ என்று குடும்பத்தார் பட்டியல்: மகன், மருமகள், மகள், மருமகன், பேரன்கள், கடைசியில் தொலைபேசி எண். மாணவரை இதே செய்தியைக் கனடா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சலாக மாற்றச் சொல்லுங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். ‘ஹெவன்லி அபோட்’ போய்விடும், குடும்பப் பட்டியல் போய்விடும், நாளும் நேரமும் நிற்கும். சில பெரியவர்கள் பட்டியலை விட மறுப்பார்கள். மருமகள் பெயர் விடுபட்டால் ஊரில் என்ன பேச்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மின்னஞ்சலுக்கு அது தேவையில்லை, விளம்பரத்துக்கு அது தேவை என்று இரண்டையும் தனித்தனியாக எழுதவையுங்கள்.

தலைப்பாகைச் சடங்கிலும் குழப்பம் வரும். தந்தை இறந்தபின் மூத்த மகனுக்குக் குடும்பப் பொறுப்பின் அடையாளமாகத் தலைப்பாகை கட்டுவது ‘ரசம் பக்ரீ’. சிறுவனுக்கு முதல்முறை கட்டும் மகிழ்ச்சியான சடங்கு ‘தஸ்தார் பந்தீ’. இரண்டையும் ‘டர்பன் டையிங் செரிமனி’ என்றால் கேட்பவர் ‘கங்க்ராஜுலேஷன்ஸ்’ என்பதா ‘ஸாரி’ என்பதா என்று விழிப்பார். முதலாவதற்கு ‘ஆஃப்டர் மை ஃபாதர் பாஸ்ட் அவே’ என்று முன்னால் சேர்க்கச் சொல்லுங்கள். நூறை நெருங்கி, பேரன் கொள்ளுப்பேரன் பார்த்துப் போனவருக்கு ‘வட்டா கர்னா’ என்று ஜிலேபி பரிமாறுவதும் உண்டு. இதற்கு ஆங்கிலத்தில் ‘செலிப்ரேஷன் ஆஃப் லைஃப்’ என்று பொருத்தமான சொல்லே இருக்கிறது. கல்யாணச் சாவு என்று நாம் சொல்வதுதான்.

கொண்டாடுவதும் அனுசரிப்பதும்

பஞ்சாபியில் ‘மனாவுணா’ என்ற ஒரே வினை தீபாவளிக்கும் வரும், குருவின் தியாக நாளுக்கும் வரும். அதனால் ‘வீ செலிப்ரேட் த மார்டர்டம் ஆஃப் குரு அர்ஜன்’ என்ற வாக்கியம் பிறக்கிறது. தமிழாசிரியருக்கு இதில் பெரிய வசதி. நாம் கொண்டாடுவதையும் அனுசரிப்பதையும் கலப்பதில்லை. அனுசரிப்பதற்கு ‘அப்சர்வ்’, ‘மார்க்’, ‘கமெமொரேட்’. குரு நானக்கின் பிறந்தநாளான குருபுரபுக்கு ‘செலிப்ரேட்’.

1606இல் லாகூரில் கொதிக்கும் வெப்பத்தில் வதைக்கப்பட்டு உயிர்விட்ட குரு அர்ஜனின் நினைவு நாள் வெயில் காலத்தில் வரும். அன்று தெருவில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் குளிர்ந்த இனிப்புப் பால் கொடுப்பார்கள். ‘சபீல்’ என்று பெயர். லண்டன் தெருவில் ரோஜா நிறத் தம்ளரை வாங்குகிறவர் ஏதோ பண்டிகை என்று நினைத்து ‘ஹாப்பி’ என்று ஏதாவது சொல்வார். அவருக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல மாணவரைத் தயார்படுத்துங்கள்: எங்கள் ஐந்தாவது குரு வெப்பத்தில் வதைபட்டார், அவர் நினைவாக நாங்கள் தாகம் தீர்க்கிறோம். டிசம்பர் கடைசியில் ஃபதேகட் சாஹிபில் குரு கோவிந்த் சிங்கின் இளைய மகன்கள் இருவரின் நினைவாகக் கூட்டம் கூட்டமாகச் சேர்கிறார்கள். இதுவும் ‘அப்சர்வ்’ பக்கம்தான்.

ஷஹீதும் ‘ஃபாலன்’னும்

‘ஷஹீத்’ என்பதை ‘மார்ட்டர்’ என்று எங்கும் போடுவது இந்தியப் பத்திரிகைப் பழக்கம். குரு அர்ஜனுக்கும், 1675இல் டெல்லி சாந்தினி சௌக்கில் தலை கொய்யப்பட்ட குரு தேக் பகதூருக்கும் அது அச்சாகப் பொருந்தும். 1931 மார்ச் 23 அன்று தூக்கிலேறிய பகத் சிங், ராஜகுரு, சுகதேவுக்கும் அது இந்தியாவில் நிலைத்துவிட்ட சொல். ஆனால் போரில் இறந்த சிப்பாய்க்கு இங்கிலாந்திலும் கனடாவிலும் ‘மார்ட்டர்’ சொல்வதில்லை. நம் அரசும் படைகளில் அந்தச் சொல் அதிகாரபூர்வமாக வழங்குவதில்லை என்று நாடாளுமன்றத்தில் விளக்கியிருக்கிறது. அதற்குப் பதில் ‘கில்ட் இன் ஆக்‌ஷன்’, ‘கேவ் ஹிஸ் லைஃப்’, கூட்டாகச் சொல்ல ‘த ஃபாலன்’. 1746, 1762இல் நடந்த சீக்கியர் படுகொலைகளுக்குப் பஞ்சாபியர் சொல்லும் ‘கல்லுகாரா’வை ‘ஹோலோகாஸ்ட்’ என்று மாற்றாமல் அப்படியே விடுவது நல்லது. அந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் யூதர்களின் அழிப்புதான் கேட்பவர் நினைவுக்கு வரும்.

நவம்பர் 11, ரிமெம்ப்ரன்ஸ் டே, குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்குக் கட்டாயப் பாடம். பிரிட்டனின் தேர்வுப் புத்தகத்திலும் கனடாவின் கையேட்டிலும் அது இருக்கிறது. பகல் 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம், ‘அப்சர்வ் அ டூ மினிட் சைலன்ஸ்’. சட்டையில் குத்தும் சிவப்பு ‘பாப்பி’ மலர். ‘பாப்பி’யை அகராதியில் பார்க்கும் பஞ்சாபி மாணவருக்கு அது போஸ்த், டோடா, ஊரை அழித்த போதைச் செடி. முகம் சுளிப்பார். முதல் உலகப் போர்க்களங்களான பிளாண்டர்ஸ் வயல்களில் முளைத்த காட்டுப்பூ அது, அபின் எடுக்கும் செடி வேறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தப் போர் பஞ்சாபியருக்கு வேற்று விஷயம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையில் பஞ்சாபிலிருந்து போனவர்களின் பங்கு மிகப் பெரியது. அந்தப் போரில் இறந்த இந்தியப் படையினர் சுமார் 74,000. பிரான்ஸின் நோவ் ஷாப்பெல் நினைவுச்சின்னத்தில் கல்லறை இல்லாத 4,700க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிரைட்டனில் மருத்துவமனையாக மாற்றப்பட்ட கட்டடங்களில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களில் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் எரியூட்டினார்கள். அந்த இடத்தில் 1921இல் ‘சத்ரி’ என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் திறக்கப்பட்டது. மாணவரின் பாட்டனார் கதையைக் கேளுங்கள். பர்மா, மெசொபொடேமியா, இத்தாலி என்று ஏதோ ஒரு பெயர் வரும். அந்தக் கதையை ஐந்து வாக்கியமாக எழுதிப் பள்ளியில் பேசத் தயார்படுத்துவதுதான் இந்தப் பாடத்தின் உச்சம். பெயர், ரெஜிமெண்ட், சண்டையிட்ட இடம், என்ன ஆனார், குடும்பம் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது.

சாராகடியைச் சொல்ல விரும்புவோர் பலர் இருப்பார்கள். 1897 செப்டம்பர் 12 அன்று 36ஆவது சீக்கிய ரெஜிமெண்டின் 21 வீரர்கள் ஒரு சிறு காவல் சாவடியில் கடைசி ஆள் வரை நின்று இறந்தார்கள். ‘ஃபாட் டு த லாஸ்ட் மேன்’ என்ற ஆங்கில வழக்கு அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும்.

மலர்வளையத்துக்கான ‘ரீத்’தில் முதலெழுத்து பேசாது, கல்லறையான ‘டூம்’மில் கடைசி எழுத்து பேசாது, ‘ஆனர்’இல் முதலெழுத்து பேசாது. இந்த மூன்றையும் மேடைக்குப் போகும் முன் சரிபார்த்தால் போதும்.

சிரோபா

உயிரோடு இருப்பவரைக் கௌரவிக்கும்போது சிக்கல் குறைவு. குருத்வாராவில் மதிப்புக்கு அடையாளமாகத் தோளில் போடும் ‘சிரோபா’ அகராதிகளில் ‘ரோப் ஆஃப் ஆனர்’ என்று இருக்கும். கையில் கிடைப்பது பெரும்பாலும் காவி நிறத் துணி. ‘ரோப்’ என்றால் கேட்பவர் அரசவை அங்கியைக் கற்பனை செய்வார். ‘வாஸ் ஆனர்ட் வித் அ சிரோபா’ என்று சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபெலிசிடேட்’ இந்தியாவில் எல்லா மேடையிலும் கேட்பது, வெளியில் அரிது. ‘ஆனர்’ எங்கும் செல்லும். கடிதம் தொடங்கும் ‘சத்கார்யோக்’, ‘ரெஸ்பெக்டட் சார்’ ஆகி வரும். ‘டியர்’ என்று எழுதுவது அதிகாரியிடம் கொஞ்சுவதாக மாணவருக்குப் படும். வெறும் சம்பிரதாயம் என்று விளக்குங்கள்.

உங்கள் மாணவர் வீட்டில் துக்கம் நேர்ந்து போக்குக்கு அழைத்தால் போங்கள். தலையை மூடத் துணி கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் வாசலில் கிடைக்கும். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, குரு கிரந்த சாஹிப் முன் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுத் தரையில் உட்காருங்கள். கால் நீட்டக் கூடாது. கடா பிரசாதத்தை இரண்டு கையையும் குவித்து வாங்க வேண்டும். வீட்டாரிடம் ‘பஹுத் துக் ஹோயா ஜீ’ என்று பஞ்சாபியிலேயே சொல்லுங்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் அன்று வேண்டாம். லங்கரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அவசரமாக எழுந்து போனால் அவர்களுக்குக் குறையாகப் படும்.